செடியாவை ஏன் கொடுத்தேன்? கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

2008-ல் வாங்கிய மிட்சுபிஷி லான்சர் செடியா ஒன்று பதினேழு வருஷத்துக்கு மேல் என்னிடம் இருந்தது. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் சுற்றுவட்டாரத்தில் அந்தச் சிவப்பு வண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. போன தை மாதம் அதைப் பொள்ளாச்சித் தம்பி ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து என் உரக்கடைக்கு வருபவர்கள், கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள், கோவையிலிருந்து போன் போடும் பழைய நண்பர்கள் என்று எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இதே மாதிரி ஒரு வண்டியை ஷெட்டில் வைத்துக்கொண்டு மனசு அலைபாய்கிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்படி என்ன பெரிய கார் அது? இவ்வளவு பாசம் வைக்க என்ன இருக்கிறது?

செடியா ஜப்பானில் 2000-ல் வந்தது. நம் ஊருக்கு 2006-ல் வந்தது. இதைச் செய்தது திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, அதாவது இது தமிழ்நாட்டு மண்ணில் பூட்டிய வண்டி. 1,999 சிசி பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன், ஐந்து கியர். டர்போ கிடையாது. இன்றைக்கு வரும் சின்ன டர்போ வண்டிகள்கூட இதைவிட அதிகப் பவர் காட்டுகின்றன. எண்களை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை.

வண்டியின் அருமை எஞ்சினில் இல்லை, அடியில் இருக்கிறது. உலகம் முழுக்க ராலிக்காரர்கள் கொண்டாடும் லான்சர் எவல்யூஷன் 7 என்ற வண்டியை 2001-ல் இந்தச் செடியாவின் உடலை வைத்துத்தான் உருவாக்கினார்கள். எவோவின் டர்போவும் நாலு சக்கர இழுவையும் நமக்குக் கிடைக்கவில்லை, ஆனால் எலும்புக்கூடு அதுதான். பின்சக்கரத்துக்குத் தனித்தனி மல்டி-லிங்க் சஸ்பென்ஷன். அந்த விலையில் அன்றைக்கு அது பெரிய விஷயம். நம் நாட்டுத் தேசிய ராலிப் போட்டிகளில் செடியாக்கள் வருஷக்கணக்கில் ஓடியதற்கும் இதுதான் காரணம்.

இது புரிய வேண்டுமென்றால் வால்பாறை மலைக்குப் போக வேண்டும். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி, அங்கிருந்து ஆழியாறு, அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவு. விடிகாலை ஐந்தரைக்கு ஆழியாற்றில் இருந்தால் எதிரே பஸ் அதிகம் வராது. இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, பாதியில் மெதுவாக ஆக்சிலேட்டரை மிதித்தால், பின்பக்கம் தரையில் உட்கார்ந்தபடியே திரும்பும். ரோட்டில் ஜல்லி கிடந்தால் அது ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்குத் தெரியும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் குணம் அது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை, மேலே பாறையில் சில நாள் வரையாடு நிற்கும். எஞ்சினை அணைத்ததும் சைலன்சர் ஆறும் 'டிக் டிக்' சத்தம் கேட்கும். நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவ்வளவு பிடித்த வண்டியை அப்புறம் ஏன் கொடுத்தீர்கள்? பணக் கஷ்டமா?

பணக் கஷ்டம் இல்லை. என் பெட்ரோல் நோட்டுதான் முடிவைச் சொன்னது.

வண்டி வாங்கிய நாளிலிருந்து டேஷ்போர்டு டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் எழுதுவேன். இப்படி ஐந்து நோட்டு சேர்ந்தது. போன ஐப்பசியில் ஒருநாள் மழை, கடையில் ஆள் இல்லை. நோட்டுகளை எடுத்து வருஷவாரியாகக் கூட்டிப் பார்த்தேன். 2011-ல் 19,400 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். 2019-ல் 7,100. 2025-ல் அதுவரைக்கும் 860. அந்த 860-லும் பாதி, பேட்டரி இறங்கக் கூடாதே என்று நாட்டுக்கல் வரை போய்த் திரும்பியது.

நான் வண்டியை நேசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தபோது, நான் அதை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று தெரிந்தது. இரண்டும் ஒன்றில்லையே என்று அன்றைக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டாமல் போனதற்குக் காரணம் வீட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். செடியா தாழ்வான வண்டி. உட்காரும்போது கீழே இறங்கி உட்கார வேண்டும், எழும்போது கையை ஊன்றி மேலே ஏற வேண்டும். கடைசியாக அவர்களை அதில் கூட்டிப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார்கள், முடியவில்லை. மறுபடி சீட்டில் விழுந்தார்கள். இரண்டாவது முறையும் விழுந்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "கொஞ்சம் இருக்கலாங் கண்ணு, அவசரமில்லை" என்றார்கள். அவசரம் இருந்தது, டோக்கன் நம்பர் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு வலிக்கக் கூடாதென்று அப்படிச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மச்சானின் வண்டியைத்தான் இரவல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் வைத்து வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் போதாதா?

நானும் அப்படித்தான் ஒன்றரை வருஷம் செய்தேன். போதாது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடினால் தண்ணீர் சூடாகும், ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. எஞ்சின் எரியும்போது உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் அப்படியே தங்கும். இருபது முப்பது கிலோமீட்டர் நல்லபடியாக ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியிலிருந்து எடுத்ததைப் பத்து நிமிஷ ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழுசாகத் திருப்பித் தராது. டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். ரப்பர் புஷ், ஆயில் சீல் எல்லாம் அசைவில்லாமல் காய்ந்து வெடிக்கும்.

அப்புறம் எலி. நம் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. போன ஆடியில் பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரில் அழகாக ஒரு கூடு. ஃபில்டர் தாளைக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. ஆக்சிஜன் சென்சாருக்குப் போகும் வயரைக் கடித்து, உள்ளே இருக்கும் செம்பு பளபளவென்று தெரிந்தது. அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு எலி மேல் கோபம் வரவில்லை. ஓடுகிற வண்டியில் எலி குடியிருக்காது.

எத்தனால் பெட்ரோலால் பழைய வண்டி கெட்டுப்போகும் என்கிறார்களே?

2025-க்குள் நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. செடியா வடிவமைத்த காலத்தில் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் இளக்கும். மத்திய அரசே 2025-ல், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று சொன்னது.

பயந்து விற்க வேண்டிய அளவுக்கு இது பெரிய விஷயமில்லை. பெட்ரோல் குழாய்களை மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் டாங்கில் ஆறு மாதம் அதே பெட்ரோல் நின்றால் பிரச்சினை கூடும். நிறுத்தி வைப்பவர்களுக்குத்தான் இது அதிகத் தலைவலி.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறதா?

கிடைக்கும், தேடினால். பில்டர், பிரேக் பேட், பெல்ட் மாதிரிச் சாமான்களுக்குக் கஷ்டமில்லை. பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, உள்பக்கப் பிளாஸ்டிக் இதெல்லாம் உடைந்தால் சென்னை புதுப்பேட்டையில் பழசு தேட வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இந்த மாடல் பல நாடுகளில் விற்றதால் சஸ்பென்ஷன் சாமான் இன்னும் செய்கிறார்கள்.

சாமான் கிடைப்பதைவிடக் கஷ்டம், அதைப் போடத் தெரிந்த கை கிடைப்பது. 2021-ல் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றக் கொடுத்தேன். வேறு வண்டியின் புஷ்ஷைக் கடைந்து உள்ளே அடித்து அனுப்பிவிட்டார்கள். வாளையார் ரோட்டில் எண்பதில் போகும்போது பிரேக் பிடித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. கடைசியில் சரி செய்தவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு மரத்தடியில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஏட்டன். அறுபது வயதிருக்கும். புஷ்ஷைக் கழற்றிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் குப்பையில் போட்டார். அவர் இப்போது கண் பார்வை மங்கி வேலையைக் குறைத்துவிட்டார். நான் முடிவெடுத்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் காரை ஓட்டவே கூடாது என்கிறார்களே, அதை யார் வாங்குவார்கள்?

அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சொந்த உபயோகக் காருக்கு அப்படி வயதுத் தடை இல்லை. பதினைந்து வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இருபது வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். என் வண்டிக்கு 2028-ல் அடுத்த புதுப்பிப்பு. வாங்க வந்த எல்லாரிடமும் இதை முதலிலேயே சொன்னேன்.

விற்பதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை செய்ய வேண்டும்?

பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்யுங்கள், பளபளப்புக்கு வேண்டியதை விடுங்கள். நான் எலி கடித்த வயரைச் சரி செய்தேன், பிரேக் ஆயில் மாற்றினேன், புது பேட்டரி போட்டேன். பின் பம்பரில் இருந்த கீறலை அப்படியே விட்டேன். எஞ்சின் அறையைக் கழுவிப் பாலிஷ் போடவே கூடாது. ஆயில் ஒழுகுகிறதா இல்லையா என்று வாங்குபவர் பார்க்க வேண்டிய இடம் அது. கழுவி வைத்தால் விவரம் தெரிந்தவருக்குச் சந்தேகம்தான் வரும்.

மாற்றி வைத்த சாமான்களைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே நம் கேரளத்திலிருந்து போனதுதான். இங்கே சோதனையும் கடுமை. என் வண்டியில் வேறு சைலன்சரும் தாழ்வான ஸ்பிரிங்கும் போட்டிருந்தேன். பழையதைப் பரணில் பத்திரமாக வைத்திருந்ததால் கழற்றி மாட்டிவிட்டேன். முதல் நாளிலிருந்தே ஒரிஜினல் சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் அதற்குத்தான் மதிப்பு.

பில்களை வரிசையாக அடுக்கி ஒரு ஃபைலில் போடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இருக்க வேண்டும். நான் 88,000-லும் 1,62,000-லும் மாற்றியிருந்தேன். அந்த பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குள் எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாய்ப்பேச்சை நம்பி யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது.

என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். புரோக்கர்கள் ஒன்றரைக்கு மேல் பேசவே இல்லை. அவர்கள் கண்ணுக்கு அது லிட்டருக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர் தரும் பழைய வண்டி, அவ்வளவுதான். இந்த மாதிரி வண்டிக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. அதைத் தேடிக்கொண்டிருப்பவர் வரும் வரை பொறுத்திருப்பதுதான் விலை. எனக்கு நாலு மாதம் ஆனது.

கடைசி இரண்டு வருஷம் போட்ட செலவைக் கூட்டி விலையில் சேர்க்காதீர்கள். அது நீங்கள் ஓட்டியதற்கு ஆன செலவு.

பிரித்து ஸ்பேராக விற்றிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்குமே?

கிடைத்திருக்கும். அப்படி ஒருவர் வந்தார். எஞ்சின், கியர் பாக்ஸ், நாலு கதவு என்று தாளில் கணக்குப் போட்டு மூன்று லட்சத்துக்கு மேல் காட்டினார். ராலி வண்டி ஓட்டும் சிலருக்குச் சாமான் தேவை என்றும் சொன்னார், அது பொய்யில்லை. மோதி உடல் வளைந்த வண்டியென்றால் நானே பிரிக்கச் சொல்லியிருப்பேன். மற்ற நாலு செடியாக்கள் அதனால் ஓடும். துரு இல்லாமல், வளையாமல், முதல் கையில் இருக்கும் வண்டியைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

வந்தவர்கள் பலர், நிஜமாக வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் மூன்று பேர்.

முதலாமவர் பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரி. நல்ல மனிதர். ஏற்கெனவே ஆறு பழைய வண்டி வைத்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் உறை போட்டு வரிசையாக நிறுத்தியிருக்கும் போட்டோவைக் காட்டினார். இரண்டு லட்சத்து எழுபதாயிரம் தருவதாகச் சொன்னார். அந்தப் போட்டோவைப் பார்த்தபோது என் ஷெட்டையே பார்த்த மாதிரி இருந்தது. இரண்டாமவர் ஏறி உட்கார்ந்ததும், ஆயில் ஏறுவதற்கு முன்னாலேயே ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டார். அவரோடு பேச்சு அங்கேயே முடிந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் பொள்ளாச்சித் தம்பி. வயது இருபத்தேழு. பாலிடெக்னிக் படித்துவிட்டு அப்பாவின் கயிறு மில்லைப் பார்க்கிறார். காலை ஏழு மணிக்கு வந்தார், பழைய சட்டை ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தார். அதை மாற்றிக்கொண்டு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். டார்ச்சை அடித்து ஒவ்வொரு புஷ்ஷாகப் பார்த்தார். வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, டைமிங் பெல்ட் மாத்தினப்ப வாட்டர் பம்ப்பும் சேர்த்து மாத்தினீங்களா?" அடுத்தது, "மழைத் தண்ணியில எப்பவாச்சும் நின்னுச்சாங்ணா?" விலையைப் பற்றி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்கு வரும் வரை மூன்றாவது கியரில் மெதுவாகப் போனார். முள் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மீனாட்சிபுரம் ரோட்டில் ஒரு நேர் பகுதி இருக்கிறது, இரண்டு பக்கமும் பனை. அங்கே ஒரே ஒரு முறை கொஞ்சம் மிதித்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பு, 2008-ல் ஷோரூமிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு வந்ததுதான். வாரம் எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். "தினமும் மில்லுக்கு இதுலதாங்ணா. செட்டிபாளையத்துல கரி டிராக் இருக்குல்ல, அங்கயும் ஒருநாள் கொண்டு போகணும்" என்றார். கோவையின் ரேஸ் முன்னோடி கரிவரதன் பெயரில் 2003-லிருந்து இருக்கும் ரேஸ் தடம் அது. நான் இரண்டு முறை அங்கே இதே வண்டியை ஓட்டியிருக்கிறேன். முப்பதாயிரம் குறைவாக இருந்தாலும் அவருக்கே கொடுப்பது என்று அந்தப் பனை ரோட்டிலேயே முடிவு செய்துவிட்டேன்.

டெஸ்ட் டிரைவுக்கு யாருக்கு வேண்டுமானாலும் சாவி கொடுக்கலாமா?

கூடாது. லைசென்ஸைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்காரருக்குக் கொடுக்க என்னென்ன பேப்பர்?

எல்லை ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. நமக்குக் கோபாலபுரம் தாண்டினால் அடுத்த கடை தமிழ்நாடு, ஆனால் வண்டிக்கு அது வேறு மாநிலம்.

முதலில் வண்டி மேல் அபராதம் எதுவும் நிற்கக் கூடாது. கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ரோட்டில் கேமராக்கள் வேலை செய்கின்றன, நமக்குத் தெரியாமலே சலான் விழுந்திருக்கும். என் வண்டியில் மச்சான் சீட் பெல்ட் போடாமல் போனதற்கு ஒன்று இருந்தது, கட்டினேன். கடன் போட்டு வாங்கிய வண்டியென்றால் பேங்க் கடிதத்தோடு 35-ஆம் படிவம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அதை நீக்க வேண்டும். நான் கடனை 2013-லேயே அடைத்தும் ஆர்.சி.யில் நீக்காமல் விட்டிருந்தேன், அதற்கே மூன்று வாரம் போய்விட்டது. இதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் 28-ஆம் படிவம், அதுதான் என்.ஓ.சி., வண்டி வேறு மாநிலத்துக்குப் போக ஆட்சேபணை இல்லை என்ற சான்று. 29-ஆம் படிவம் வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று நாம் சொல்வது, 30-ஆம் படிவம் பெயர் மாற்றத்துக்கு. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வேறு மாநிலம் என்றால் 45 நாள். தமிழ்நாட்டு வரியும் புது நம்பரும் வாங்குபவர் பொறுப்பு. விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஓ.டி.பி. போனுக்கு வரும். அதனால் ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய நம்பர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

தெரிந்த பையன்தானே, பெயர் மாற்றத்தை மெதுவாகச் செய்தால் என்ன?

வேண்டாம். இதில் நான் பட்டிருக்கிறேன். 2013-ல் என் பைக் ஒன்றைத் தெரிந்தவருக்குக் கொடுத்தேன். 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். அவர் மாற்றவில்லை, இன்னொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. இரண்டு வருஷம் கழித்து, நான் பார்த்தே இராத ஒருவர் அந்த பைக்கில் ஒரு பெரியவரை இடித்துவிட, நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. பெரியவருக்குக் கால் எலும்பு முறிவு. கடைசியில் இன்சூரன்ஸ் இருந்ததால் தப்பித்தேன், ஆனால் எட்டு மாதம் தூக்கமில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது: எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு.

வண்டியைக் கொடுத்த நாளில் தேதி, நேரம், ஓடோமீட்டர் ரீடிங், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். காலை 10.40, 1,87,312 கிலோமீட்டர்.

பணத்தை ரொக்கமாக வாங்கலாமா?

இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. பேங்க் வழியாக வாங்குங்கள், கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக்?

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுடையது, வண்டியோடு போகாது. கம்பெனியிடம் கடிதம் வாங்கிவைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும். எனக்கு 50 சதவீதம் இருந்தது. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. ஃபாஸ்டேக்கைக் கணக்கு மூடிக் கிழித்துவிடுங்கள். இல்லையென்றால் பாம்பாம்பள்ளம் டோலில் அவர் போகும்போதெல்லாம் உங்கள் பணம் போகும்.

வீட்டில் என்ன சொன்னார்கள்?

மகள்தான் அழுதாள். அவளைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே அந்த வண்டியில்தான். பின்சீட்டு இடது ஜன்னலில் அவள் நாலு வயதில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரின் பசைத் தடம் கடைசி வரை இருந்தது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள்.

அம்மா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்காகவா வித்தே சாமி?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும், ஆமாம் என்றால் அவர்கள் தாங்க மாட்டார்கள். பெட்ரோல் நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷக் கணக்கையும் படித்துக் காட்டினேன். பழனிக்குப் போனது, குருவாயூர் போனது, பெரியப்பா தவறியபோது ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சி போனது எல்லாம் அதில் இருந்தது. "நல்லாத்தான் ஓடியிருக்குது" என்றார்கள்.

இப்போது என்ன ஓட்டுகிறீர்கள்?

வேகன் ஆர். சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால் அம்மா திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். போன வாரம் கையைக்கூடப் பிடிக்கவில்லை. நல்ல வண்டி, அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

சாவியைக் கொடுக்கும்போது அந்தத் தம்பியிடம் என்ன சொன்னீர்கள்?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஓட்டும் விஷயங்கள்தான். காலையில் முள் பாதிக்கு வரும் வரை 2,500 ஆர்.பி.எம். தாண்ட வேண்டாம். இரண்டாவது கியர் குளிரில் கொஞ்சம் முரண்டும், அழுத்தாமல் ஒரு நொடி காத்திருந்தால் தானாக விழும். டிரைவர் பக்கப் பின்கதவைச் சற்றுத் தூக்கி மூட வேண்டும். மழையில் வைப்பர் முதல் தடவை கீச்சிடும், அது கெடுதி இல்லை. வால்பாறை ஏறினால் ஒன்பதாவது வளைவில் நிறுத்தி ஐந்து நிமிஷம் ஆற விடுங்கள்.

நோட்டுகளையும் கொடுத்தேன். ஐந்தாவது நோட்டில் பதினொரு பக்கம் காலியாக இருந்தது. பொள்ளாச்சி போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்பினார்: என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில் தேதி, 1,87,341 கி.மீ., 31 லிட்டர்.